கடற்புல் செழித்தால் அதன் இலையில் வாழ்பவையும் செழிக்குமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் கேட்டது சுருக்கமாக இது: மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மட்டக்களப்பு வாவிக்கரையில் நீரின் பி.எச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு, அது குறைந்தால் அமிலம் கூடுகிறது) அளந்திருக்கிறார். விடியற்காலையில் 7.7, பின்னேரம் 8.4. கடல் அமிலமாகிக்கொண்டு போகிறது என்று பாடத்தில் வருகிறது. காபனீரொட்சைட்டு கூடினால் கடற்புல் நன்றாக வளரும் என்றும் எங்கோ வாசித்திருக்கிறார். "அப்படியென்றால் எங்கள் வாவிக்கும் அதில் வளரும் மீனுக்கும் இது நல்லதுதானே? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டு, கடைசியில் மட்டி எடுப்பவர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அளந்த எண்கள் கடல் அமிலமாவதைக் காட்டுகின்றனவா என்பது ஒன்று. இல்லை என்று உடனே சொல்லிவிடலாம். புல் செழித்தால் புல்லை நம்பி வாழ்பவையும் செழிக்குமா என்பது மற்றது. அதற்கும் பதில் பெரும்பாலும் இல்லை என்பதுதான். ஆனால் அது ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். நான் கடல் உயிரியல் படித்தவன். கிழக்குக் கரைக் களப்புகளில் கடற்புல் இலைகளைச் சேர்த்து, அவற்றின் மேல் ஒட்டியிருப்பதைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கடல்நீர் இரசாயனம் என் முதல் துறை அல்ல. அந்தப் பகுதியை அடிப்படையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடிப்படை இதுதான். நாம் எரிக்கும் எரிபொருளிலிருந்தும் வேறு வழிகளிலும் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடலில் கரைந்த காபனீரொட்சைட்டு நீரோடு சேர்ந்து காபோனிக் அமிலமாகிறது. அந்த அமிலம் ஐதரசன் அயன்களை விடுகிறது. திறந்த கடலின் மேல்மட்ட பி.எச் முன்பு 8.2க்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது 8.1க்குப் பக்கத்தில் நிற்கிறது. பூச்சியம் தசம் ஒன்றுதானே என்று தோன்றும். பி.எச் மடக்கை அளவு (ஓர் அலகு இறங்கினால் ஐதரசன் அயன்கள் பத்து மடங்காகும்) என்பதால், அதற்குள்ளேயே ஐதரசன் அயன்களின் செறிவு கால்பங்குக்கு மேல் கூடிவிட்டது. கடல்நீர் இன்னும் காரப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாருடைய காலையும் சுடும் அமிலமாக அது மாறப்போவதில்லை. பாதிப்பு வேறு இடத்தில். கூடிவரும் ஐதரசன் அயன்கள் நீரில் உள்ள காபனேற்று அயன்களைப் பிடித்து இருகாபனேற்றாக்கிவிடுகின்றன. ஓடு கட்டும் உயிர்களுக்குத் தேவை அந்தக் காபனேற்று. மட்டி, ஊரி என்னும் நத்தை வகை, பவளம், சுண்ணாம்புப் பாசி எல்லாம் கல்சியத்தோடு அதைச் சேர்த்துத்தான் தங்கள் உடம்பின் கெட்டியான பாகத்தைச் செய்கின்றன. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிப்பி சுட்டு எடுப்பார்களே, அதே கல்சியம் காபனேற்றுதான்.

இனி உங்கள் எண்கள். 7.7க்கும் 8.4க்கும் இடையிலான இடைவெளி, உலகக் கடல் இருநூறு வருடத்தில் மாறியதைவிடப் பல மடங்கு பெரியது. அது ஒரே நாளில் நடந்திருக்கிறது, அடுத்த நாளும் நடக்கும். புல்லும் பாசியும் பகலில் ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை நீரிலிருந்து இழுத்துக்கொள்கின்றன, பி.எச் ஏறுகிறது. இரவில் புல், பாசி, மீன், சேற்றில் உள்ள நுண்ணுயிர் எல்லாம் சுவாசித்து அதைத் திருப்பி விடுகின்றன, பி.எச் இறங்குகிறது. ஆழமில்லாத, நீரோட்டம் மந்தமான இடத்தில் இந்த ஊசலாட்டம் ஒரு முழு அலகுக்குக்கூடப் போகலாம். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள அள்ளப் பகலில் இறங்கி இரவில் ஊறிவிடும். வருடாவருடம் கோடையில் நீர்மட்டம் ஒரு சாண் கீழே போவது வேறு சங்கதி. நீங்கள் அளந்தது முதலாவதை. கடல் அமிலமாதல் என்பது இரண்டாவது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கையடக்கமான மலிவு மானிகளில் 0.1 அளவு பிழை சாதாரணம். அதாவது உலகக் கடலின் இதுவரையான மொத்த மாற்றமும் அந்த மானியின் பிழைக்குள் அடங்கிவிடும். நன்னீருக்கான தாங்கற் கரைசலில் (பி.எச் முன்கூட்டியே தெரிந்த கரைசல்) சரிபார்த்த மானியை உவர்நீரில் வைத்தால் பிழை இன்னும் கூடும். ஆகவே உங்கள் மானி இரவு பகல் வேறுபாட்டுக்கு நல்ல கருவி. பத்து வருட மாற்றத்தை அதனால் பிடிக்க முடியாது.

புல்லுக்கு வருவோம். கடற்புல் பாசி இனம் அல்ல. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள பூக்கும் தாவரம். அதன் முன்னோர் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பியது டைனோசர்கள் இருந்த காலத்தில். அன்று காற்றில் காபனீரொட்சைட்டு இன்றைவிட அதிகம். இன்றைய கடல்நீரில் கரைந்த காபனீரொட்சைட்டு மிகக் குறைவு, இருகாபனேற்றுதான் ஏராளம். பல கடற்பாசிகள் அந்த இருகாபனேற்றைத் திறமையாகப் பயன்படுத்துகின்றன. கடற்புல் அந்த வேலையில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாதது. அதனால்தான் காபனீரொட்சைட்டு கூடினால் புல்லுக்கு அனுகூலம் என்கிறார்கள். நீங்கள் வாசித்தது தவறில்லை, கடலடியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் குடாவின் இஸ்கியா தீவிலும், பப்புவா நியூகினியின் மில்ன் குடாவிலும் எரிமலைப் பகுதிக் கடலடியிலிருந்து காபனீரொட்சைட்டுக் குமிழிகள் இடைவிடாமல் வருகின்றன. நீரின் பி.எச் அங்கே இந்த நூற்றாண்டின் கடைசியில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்கியிருக்கிறது. இரண்டு இடத்திலும் குமிழிகளுக்குப் பக்கத்தில் கடற்புல் அடர்த்தியாக நிற்கிறது. நமக்கு மில்ன் குடா இன்னும் பொருத்தமான சாட்சி. அங்கே நிற்கும் சிமோடோசியா செருலாட்டா, ஹலோபைலா ஓவாலிஸ் இரண்டும் இலங்கைக் கடலிலும் உள்ள இனங்கள்.

ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. இத்தாலியிலேயே வல்கானோ தீவின் குமிழிப் பகுதியில் சிமோடோசியா புல்லுக்கு எதிர்பார்த்த பெருக்கம் கிடைக்கவில்லை. காபன் கிடைத்தாலும் மற்றச் சத்து போதாவிட்டால் புல்லால் அதை உடம்பாக்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். வெளிச்சமும் அப்படித்தான். அமெரிக்காவில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சொஸ்டெரா கடற்புல்லைத் தொட்டிகளில் வைத்து ஒரு வருடம் கூடுதல் காபனீரொட்சைட்டு கொடுத்தார்கள். வெளிச்சம் தாராளமாகக் கிடைத்த தொட்டிகளில் புதுத் தளிர்களும் பூக்கும் தண்டுகளும் கூடின. வெளிச்சத்தைக் குறைத்த தொட்டிகளில் ஒரு பயனும் இல்லை. மட்டக்களப்பு வாவியை நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் சங்கதி விளங்கும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. படுவான்கரைப் பக்கத்து வயல்களின் வடிகால் எல்லாம் அதற்குள்தான் வருகிறது. கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். அந்த நேரத்தில் புல்லுக்குக் காபன் பற்றாக்குறை இல்லை, வெயில்தான் பற்றாக்குறை. ஆகவே காபனீரொட்சைட்டால் வரும் என்று சொல்லப்படும் அந்த நன்மை வாவியின் பல பகுதிகளில் புல்லுக்குக் கிடைக்காமலே போகலாம். காயான்கேணி போன்ற தெளிந்த கடற்பகுதிகளில் நிலைமை வேறாக இருக்க இடமுண்டு.

இனி இலைக்கு மேலே. புல்வெளியை மேலிருந்து பார்ப்பவருக்குப் பச்சை மட்டும் தெரியும். ஒரு முதிர்ந்த இலையைப் பிடுங்கிக் கைவில்லையால் பார்த்தால் வேறோர் ஊரே இருக்கும். நுனிப்பக்கம் இளஞ்சிவப்பு அல்லது வெண்மையான பொருக்குப் பொருக்கான படலம், அதுதான் சுண்ணாம்புப் பாசி. பக்கத்தில் வலை பின்னினாற்போல ஒரு வெள்ளைத் தகடு, பிரையோசோவா என்னும் பாசி விலங்குகளின் குடியிருப்பு. ஊசிமுனையளவு சுருண்ட வெள்ளைக் குழல்கள், அதற்குள் ஸ்பைரோர்பிஸ் வகைப் புழுக்கள். காசு வடிவில், நட்சத்திர வடிவில் சின்னஞ்சிறு ஓடுகள், அவை போராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிர்கள். இவற்றுக்கிடையே மிகச் சிறிய ஊரிகள் இலையைச் சுரண்டித் தின்றுகொண்டு நகரும். கூனியிறால் போன்ற அம்பிபொட்டுகள் இலைக்கு இலை தாவும். மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் இரை இங்கேதான் இருக்கிறது, புல்லையே தின்னும் உயிர்கள் சிலதான். ஓரா மீன்கூட இலையோடு சேர்த்து இந்தப் பூச்சையும்தான் தின்கிறது. எனவே களப்பு மீனுக்கு நல்லதா என்ற உங்கள் கேள்விக்குப் பதிலை இலையின் மேல் உள்ள படலத்தில்தான் தேட வேண்டும்.

அந்தப் படலத்தில் எது ஓடு கட்டுகிறது, எந்த வகைச் சுண்ணாம்பில் கட்டுகிறது என்பது பெரிய வித்தியாசம். கல்சியம் காபனேற்று கடலில் மூன்று வடிவில் வருகிறது. சாதாரண கல்சைட்டு எளிதில் கரையாது. பவளமும் பல சிப்பிகளும் பயன்படுத்தும் அரகனைட்டு அதைவிட எளிதில் கரையும். மக்னீசியம் அதிகம் கலந்த கல்சைட்டு எல்லாவற்றிலும் எளிதில் கரையும். இலையில் படரும் சுண்ணாம்புப் பாசி செய்வது இந்தக் கடைசி வகையை. இஸ்கியாவில் அதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண நீரில் பொசிடோனியாப் புல்லின் இலைகள் சுண்ணாம்புப் பூச்சோடு வெளிறி இருக்கும். பி.எச் சராசரி 7.7க்கு வந்த இடத்தில் அந்தப் பாசி இல்லவே இல்லை, இலைகள் பச்சைப் பசேலென்று வெறுமையாக நிற்கின்றன. அந்த இடத்து இலைகளில் ஒட்டி வளர்ந்து சுண்ணாம்பு கட்டும் உயிர்களில் எஞ்சியிருந்தது பிரையோசோவா மட்டும். ஊரிகள் குறைந்து போயின, இருந்தவற்றின் ஓடுகளும் அரிக்கப்பட்டிருந்தன. மில்ன் குடாவில் போராமினிபெராக்களைப் பார்த்தவர்கள், பி.எச் 7.9க்குக் கீழே போன இடங்களில் அவை ஏறக்குறைய இல்லாமற் போனதைக் கண்டார்கள். புல்லுக்கு உச்ச அனுகூலமாகத் தெரிந்த அதே நீரில் இத்தனையும் நடந்திருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொட்டிகளிலும் கடலிலும் திரும்பத் திரும்ப வந்த முடிவு: சுண்ணாம்புப் பாசியும் இலைமேல் வாழும் போராமினிபெராக்களும் முதலில் அடிபடுகின்றன.

எல்லாம் அழிந்துவிடும் என்று இதைச் சொன்னால் அதுவும் பொய். ஓடில்லாத இழைப்பாசிகள் அந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அம்பிபொட்டுகள் போன்ற சிறு ஓட்டுடலிகள் இஸ்கியாவின் குமிழிப் பகுதிகளிலும் நிறையவே இருந்தன. அவற்றின் புற ஓடு கைட்டினும் மெழுகுத் தோலும் கலந்தது, சுண்ணாம்பை மட்டும் நம்பியது அல்ல. ஆக இலையின் மேல் உயிர் இருக்கும், ஆனால் வேறு உயிர்கள். மீன்குஞ்சுக்கு அந்த மாற்றம் நட்டமா இலாபமா என்பதை நம் கடலில் யாராவது மீனின் வயிற்றைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இத்தாலியிலிருந்து இங்கே கணக்குப் போட முடியாது.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. பொசிடோனியா இலை பல மாதம் உயிரோடு நிற்கும், பூச்சுப் படர அவகாசம் தாராளம். நம் களப்புகளில் நீங்கள் அடிக்கடி காணும் ஹலோபைலாவின் சிறு நீள்வட்ட இலைகளும் ஹலோடூலின் மெல்லிய இலைகளும் சில வாரங்களில் உதிர்ந்து புது இலைக்கு இடம் விடுகின்றன. ஒரு சுண்ணாம்புப் பாசி முளைத்துப் படர்ந்து தடிப்பதற்குள் அதன் வீடு உதிர்ந்துவிடும். ஆகவே நம் புல்வெளிகளில் சுண்ணாம்புப் பூச்சு இயல்பாகவே குறைவு. இஸ்கியாவில் பார்த்த மாற்றத்தை அதே அளவில் இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உள்வாவியில் வேறொரு காரணமும் உண்டு. மாரியில் உவர்த்தன்மை விழும்போது கடல்வகைச் சுண்ணாம்புப் பாசி நன்னீரால் செத்துவிடும். களுவாஞ்சிக்குடிக் கரையில் இலை வெறுமையாக இருந்தால் அதைக் கடல் அமிலமாதலின் அடையாளம் என்று பிள்ளைகள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது அடுத்துச் சொல்லப்போவது. இலையைச் சுரண்டித் தின்னும் சின்ன ஊரிகளைச் சொன்னேன் அல்லவா? அவை புல்லுக்குச் செய்யும் வேலை பெரியது. இலையின் மேல் இழைப்பாசி தடித்துப் படர்ந்தால் வெளிச்சம் இலைக்குப் போகாது, புல் மூச்சுத் திணறிச் சாகும். அதைத் தின்று தின்று இலையைத் துப்புரவாக வைத்திருப்பவற்றில் இந்த ஊரிகளும் அடக்கம். அவை சுமப்பதோ சுண்ணாம்பு ஓடு. அமிலமாதலால் ஊரிகள் குறைய, வயலிலிருந்து வரும் உரச்சத்தால் இழைப்பாசி கூட, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் புல்லுக்குக் காபனீரொட்சைட்டால் கிடைத்த அனுகூலம் முழுதும் நிழலில் போய்விடும். இது வெறும் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் செய்த பரிசோதனையில் காபனீரொட்சைட்டு கூடும்போது இலைமேல் பாசி மிஞ்சிப் புல் குறையக் கூடும் என்று கண்டிருக்கிறார்கள். மறுபக்கம், சுவீடனில் செய்த தொட்டி ஆய்வு ஒன்றில் சிறு மேய்ச்சல் உயிர்கள் இருந்த தொட்டிகளில் வெப்பமும் அமிலமும் கூடியபோதும் பாசி மிஞ்சவில்லை, அவை தின்று அடக்கிவிட்டன. அங்கே மேய்ந்தவற்றில் ஓட்டுடலிகள் முக்கியமானவை. நம் களப்பில் இந்த வேலையில் எவ்வளவு பங்கை ஊரி செய்கிறது, எவ்வளவை அம்பிபொட்டு செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விளைவு இருக்கும். நான் பார்த்த இலைகளில் இரண்டும் இருந்தன. இடத்துக்கு இடம் கணக்கு மாறியது.

ஊரி என்றதும் மட்டக்களப்பார் எல்லோருக்கும் ஒரு ஞாபகம் வரும். கல்லடிப் பாலத்தடியில் நிலவில் கேட்கும் பாட்டை மீன் பாடுகிறது என்கிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே வந்து கேட்டபோது, நம் மீனவர்கள் அதைப் பாடுவது ஊரி என்று சொல்லி ஓடுகளையே எடுத்துக் காட்டினார்கள். எது பாடுகிறது என்பது இன்றும் உறுதியாகவில்லை. ஆனாலும் வாவியின் அடியில் கிடக்கும் ஊரியைக் கவனித்து வைத்திருந்த மக்கள் நம் ஆட்கள் என்பது எனக்குப் பெருமையான விஷயம்.

புல்லிலேயே இன்னொரு மாற்றமும் நடக்கிறது. கடற்புல் தன்னைத் தின்பவற்றிடமிருந்தும் நோயிலிருந்தும் காத்துக்கொள்ளப் பீனோலிக் சேர்மங்களை இலையில் வைத்திருக்கிறது. காபனீரொட்சைட்டு அதிகமான இடங்களில் சில கடற்புல் இனங்களில் இந்தச் சேர்மங்கள் குறைந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. இலை மிருதுவானால் ஓரா போன்ற மீனுக்கு நல்ல மேய்ச்சல். இஸ்கியாவில் குமிழிகளுக்குப் பக்கத்துப் புல்லில் மீன் கடித்த தடம் அதிகம். மீன் கூடினால் நல்லதுதான். ஆனால் காவல் குறைந்த இலையில் நோயும் சுலபமாகப் பரவலாம். 1930களில் வட அத்திலாந்திக் கரைகளில் சொஸ்டெராப் புல்லை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது ஒரு நோய்தான். அமிலமாதல் அப்படிப்பட்ட நோயைக் கூட்டும் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் போதாது. பச்சை அடர்த்தி ஒன்றை மட்டும் வைத்துப் புல்வெளியின் நலத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மீன், இறால், நண்டு. இங்கேதான் சந்தேகம் அதிகம். அமிலமான நீரில் பவளப்பாறை மீன்குஞ்சுகள் வாசனையை இழந்து எதிரியின் பக்கமே நீந்திப் போகின்றன என்று 2009 அளவில் வந்த ஆய்வுகள் உலகெங்கும் செய்தியாயின. பிறகு 2020இல் இன்னொரு குழு பெரிய அளவில் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. எனக்கு இரண்டாவது பக்கம்தான் பலமாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு அந்த மீன் கதையைச் சொல்லாமல் விடலாம், அல்லது விஞ்ஞானம் தன்னை எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதற்கு உதாரணமாகச் சொல்லலாம். வளர்ந்த நண்டும் இறாலும் பொதுவாகத் தாக்குப்பிடிக்கின்றன. களப்பில் வாழ்பவை என்பதால் நாளாந்த ஊசலாட்டத்துக்குப் பழகியவை. குடம்பிப் பருவத்தில், அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவத்தில், அவ்வளவு உறுதி இல்லை, இனத்துக்கு இனம் முடிவு மாறுகிறது. இறாலும் களப்பு நண்டும் கடலுக்குப் போய்க் குஞ்சு பொரித்து, குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத் திரும்பி வருபவை. ஆகவே அவற்றுக்குக் கடல்நீரின் நிலையும் கணக்கில் வரும்.

புல்வெளியே பி.எச்சை உயர்த்துகிறதே, அதற்குள் வாழும் மட்டிக்கும் ஊரிக்கும் அது காவலாக இருக்காதா என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். ஓரளவுக்கு இருக்கும். கலிபோர்னியாக் கரையில் ஆறு வருடம் அளந்தவர்கள், கடற்புல் உள்ள இடத்தில் அமிலத்தன்மை பல நேரங்களில் குறைந்திருந்ததைக் கண்டார்கள், சில வேளைகளில் இரவிலும்கூட. ஆனால் தண்ணீர் தேங்கும் ஆழமற்ற களப்பில் அதே புல்வெளி இரவில் பி.எச்சை இன்னும் கீழே இழுக்கும். கடல்நீரின் வழக்கமான பி.எச் 8.1லிருந்து 7.8க்கு இறங்கினால், உங்கள் விடியற்கால 7.7ம் கூடவே இறங்கும். இறங்கும் அளவும் பகலைவிட இரவில் கூடுதலாக இருக்கும். நீரில் காபனீரொட்சைட்டு ஏற ஏற அதைத் தாங்கும் சக்தி குறைவதே காரணம். சராசரியைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. சின்ன ஓட்டுக்கு உயிராபத்து விடியலுக்கு முன்பான அந்தச் சில மணித்தியாலங்களில்தான்.

நம் வாவிக்கு மட்டும் உரிய இன்னொரு சங்கதி, நன்னீர். யாழ்ப்பாணத்தைப் போல நம்முடையது சுண்ணக்கல் நிலம் அல்ல. நம் ஆறுகள் கருங்கற்பாறை நிலத்திலிருந்து வருகின்றன. அமிலத்தைத் தாங்கும் கரைபொருட்கள் அந்த நீரில் கடல்நீரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெள்ளக் காலத்தில் நன்னீர் மேலோங்கும்போது காபனேற்று தானாகவே குறையும். வயலில் மிஞ்சிய உரமும், ஊர்க் கழிவுநீரும், இறால் பண்ணைத் தண்ணீரும் பாசியை வளர்க்க, அந்தப் பாசி செத்து அழுகும்போது ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடும். இதுவும் அமிலமாதல்தான், ஆனால் வானத்திலிருந்து வந்தது அல்ல, கரையிலிருந்து வந்தது. என் கணிப்பில், இன்று வாவிக்குள் ஓடு கட்டும் உயிர்களுக்கு இந்த உள்ளூர் அமிலமாதல் உலகளாவியதைவிடப் பெரியது. முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் அது கூடும், திறந்து கடல்நீர் வந்துபோனால் தணியும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் ஒவ்வொரு வருடமும் பேசுவதில் வயலும் வெள்ளமும்தான் முன்னுக்கு வருகின்றன. புல்வெளிக்கும் அந்தப் பேச்சில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை மட்டக்களப்பாரால் மட்டும் குறைக்க முடியாது. வாவித் தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது முடிந்த காரியம். தண்ணீர் தெளிந்தால்தான் புல்லுக்குக் காபனால் ஏதாவது நன்மை கிடைக்கும்.

பிள்ளைகளோடு தொடர்ந்து செய்வதாக இருந்தால், பி.எச் எடுக்கும்போதெல்லாம் நேரத்தையும் உவர்த்தன்மையையும் வெப்பநிலையையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். இவை இல்லாத பி.எச் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. விடியலுக்குச் சற்று முன்பும் பின்னேரம் மூன்று மணியளவிலும் எடுத்தால் இரண்டு முனையும் கிடைக்கும். அதோடு கரையொதுங்கிய இலைகளைச் சேர்த்து, நிற்கும் புல்லைப் பிடுங்காமல், நுனிப்பக்கம் ஒரு சொட்டு வினாகிரி விட்டுக் கைவில்லையால் பார்க்கட்டும். சுண்ணாம்பு இருந்தால் நுரை வரும். பாலமீன்மடு முகத்துவாரப் பக்கத்து இலைகளையும் உள்வாவி இலைகளையும் ஒப்பிடலாம். பாசிக்குடாவில் ஒதுங்கும் இலைகளையும் யாராவது கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மாரி வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் மாசி, பங்குனியில் ஆரம்பிப்பது வசதி. மார்ச் 1 உலகக் கடற்புல் தினம். 2022இல் ஐ.நா. பொதுச்சபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு இலங்கைதான் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

மட்டி எடுப்பவர்களுக்கு என்ன சொல்வது என்ற கடைசி வரி. வளர்ந்த மட்டி ஓரளவு தாங்கும். அதன் குடம்பி முதல் ஓட்டைக் கட்டும் இரண்டொரு நாள்தான் ஆபத்தானது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2007, 2008 அளவில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணையில் குடம்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆழ்கடலிலிருந்து மேலெழுந்து வந்த அமிலநீரே காரணம் என்று கண்டுபிடித்து, தொட்டி நீரில் சோடியம் காபனேற்று சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். பண்ணைத் தொட்டியில் அது முடியும், வாவியில் முடியாது. ஆனால் இப்போது ஒரு கரையில் மட்டி குறைந்தால் அதற்கு முதற்காரணமாகக் கடல் அமிலமாதலைச் சொல்ல மாட்டேன். அளவுக்கு மிஞ்சி எடுத்தது, வெள்ளம் கொண்டுவந்த சேறு மூடியது, நன்னீர் அதிக நாள் நின்றது ஆகியவற்றைத்தான் முதலில் பார்ப்பேன். சிறு மட்டியை எடுக்காமல் விடுவதும், புல் நிற்கும் அடித்தளத்தைக் கிளறாமல் எடுப்பதும் இன்றே செய்யக்கூடியவை. எந்தக் கரையில் எந்த மாதம் சின்ன மட்டி முதன்முதலாகக் கண்ணில் படுகிறது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், அந்த மாதத்து விடியற்கால பி.எச்சையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.